பேத்தியின் நோட்டீசை நான் திருப்பி அனுப்பிய விதம்

1

இடைக்காலப் பராமரிப்புத் தொகை கேட்டுப் போடப்படும் மனு, அதற்கான நோட்டீஸ் எதிராளிக்குச் சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து, கூடுமானவரை, அறுபது நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். புதிய சட்டத்தில் இது நூற்று நாற்பத்து நாலாம் பிரிவு. பழைய சட்டத்தில் நூற்றிருபத்தைந்து. நூற்று நாற்பத்து நாலு என்றதும் ஊரில் உள்ளவர்களுக்குக் கலவரமும் தடை உத்தரவும் மூடிய கடைகளும்தான் ஞாபகம் வரும். நாலு பேர் ஒன்றாகக் கூடக் கூடாது என்பதற்கு இருந்த எண்ணை எடுத்து, இரண்டு பேராகக்கூட இருக்க முடியாமல் பிரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கு நகைச்சுவை கிடையாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மேலே உள்ள விதியில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'கூடுமானவரை'. அந்த ஒரு சொல்லுக்குள்தான் நான் முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்தேன். இன்னொன்று, 'சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து'. சார்பு என்றால் காகிதம் உரியவரிடம் முறைப்படி போய்ச் சேர்வது. அது சேரும்வரை அறுபதில் ஒன்றுகூடக் கழியாது. கடிகாரம் சுவரில் தொங்கும், முள் நகராது.

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சிரஸ்தார் என்பவர் கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். நீதிபதி மனுவைப் படிக்கும் முன்னால் அதை வாங்கிப் புரட்டி, முத்திரை குறைவு, கையெழுத்து இல்லை, தேதி தப்பு என்று குறை கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பவர். என் காலத்தில் நான் திருப்பிக் கொடுத்த மனுக்களை அடுக்கினால் மலைமேல் ஏறும் பஸ் ஒன்று நிரம்பும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன்.

2

இப்போது கனடாவில் இருக்கிறேன். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் என் மகன் அந்தோணியின் வீடு. வந்து ஏழு வருஷம் ஆகிறது. அவன் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அலுவலகத்தில் அவன் பெயர் டோனி. வீட்டில் இரண்டே பேர், அவனும் நானும்.

என் உத்தியோகம் தொடர்கிறது. காலையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்கிறேன். கம்பளத்தைக் கூட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை குப்பை எடுக்கும் நாள். பச்சைத் தொட்டி வாராவாரம், நீலம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், கறுப்பு எப்போது என்பதற்கு நகராட்சி ஓர் அட்டவணை அனுப்பும். அதில் ஈஸ்டர் வாரத்துக்குத் தவறான நாள் போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் எனக்கு யாரும் நன்றி தெரிவித்து எழுதியதில்லை. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை நான் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கி ஊருக்கு அனுப்ப வேண்டும். சான்று தரும் அதிகாரி என்னை நேரில் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, பிறகு ஆமாம், உயிரோடுதான் இருக்கிறார் என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் இதுவரை ஒருமுறைகூட சந்தேகப்பட்டதில்லை.

நான் இங்கே வந்ததற்கும் ஒரு காகிதம் உண்டு. மகன் அப்பாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வேண்டுமானால், இருபது வருஷத்துக்கு அப்பாவின் சோறு, துணி, மருந்து எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் சண்டை வந்தாலும், அப்பா கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனாலும் ரத்தாகாது. அந்தோணி எழுதிக் கொடுத்தான். எனக்கு எண்பத்தைந்து வயது ஆகும்வரை அவன் தப்ப முடியாது.

நான் தூங்கும் அறையில் சுவரோரம், முழங்கால் உயரத்தில், வரிசையாக விலங்குப் படங்கள் ஒட்டியிருக்கும். யானைக்குத் தும்பிக்கை இல்லை. யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டியவள் என் பேத்தி ஜெனிபர். ஜெனி. அவளும் அவள் அம்மா செல்வியும் இந்த வீட்டை விட்டு ஊருக்குப் போன அதே வருஷம்தான் நான் வந்து சேர்ந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. இப்போது பத்து.

ஏன் பிரிந்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு தரப்பையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் சொல்வது உண்மை என்பதுதான் இந்த வகை வழக்குகளில் உள்ள சங்கடம்.

3

செல்வி கண்ணமங்கலத்துப் பெண். இப்போது மலைமேல், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். குவார்ட்டர்ஸில் அவளும் குழந்தையும். போன் கோபுரம் மனம் வைத்தால் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தோணி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனதும் நான் கூப்பிடுவேன். ஜெனி இரண்டு நிமிஷம் பேசுவாள், பிறகு விளையாடப் போய்விடுவாள். மீதி நேரம் செல்வி.

அந்தோணி முதல் மூன்று வருஷம் பணம் அனுப்பினான். பிறகு ஒருநாள் அவன் வீடியோவில் கூப்பிட்டபோது செல்வி எடுக்கவில்லை. அவள் டூட்டியில் இருந்தாள். அவன் நம்பவில்லை. வார்த்தை தடித்தது. அந்த மாதத்தோடு பணம் நின்றது, பேச்சும் நின்றது. பிறந்த நாளுக்கு மட்டும் ஒரு பொம்மைப் பெட்டி இங்கிருந்து பறக்கும்.

போன வருஷம் செல்வி ஒரு விஷயம் சொன்னாள். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் ஜெனியைத் திருப்பத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில், ஹாஸ்டலில் சேர்க்க ஆசை. ஜூன் மாதம் சேர வேண்டும். அவள் சம்பளம் தாங்காது.

"அந்த மனுஷன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவ மாமா நானு."

"நீ கேக்க வேணாம்மா. மனுதாரர் நீ இல்ல, ஜெனி. மைனருக்கு ஒருத்தர் வேணும், அதுக்குத்தான் நீ. வெறும் கார்டியன்."

"வெறும் கார்டியனா? பத்து வருஷமா பெத்து வளக்கறவளுக்கு நல்ல பேரு குடுத்தீங்க."

கோபுரம் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நீங்களே எழுதிக் குடுங்க மாமா," என்றாள். "இங்க இருக்கற வக்கீலு எழுதினா ஒரு பக்கத்துக்கு மேல எழுத மாட்டாரு."

எழுதினேன். என் மகன் வீட்டில் உட்கார்ந்து, என் மகன் வாங்கிப்போட்ட நாற்காலியில், என் மகன்மீது. மனு ஐந்து பக்கம். ஒரு குறை கிடையாது. செல்வியின் வக்கீல் படித்துவிட்டு, இவ்வளவு சுத்தமான மனுவை இந்தக் கோர்ட்டில் பார்த்ததில்லை என்றாராம். நான் வேலை பார்த்த கோர்ட்தான் அது.

4

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். பராமரிப்பு வழக்குகள் வரும் நாளில் எங்கள் வராந்தாவில் அப்பாக்கள் சொல்லும் காரணங்கள் மொத்தம் நாலே நாலு. அவளுக்குத்தான் வேலை இருக்கே. குழந்தையைக் காட்ட மாட்டேங்கிறா. நான் அப்பப்போ துணி எடுத்துக் குடுக்கிறேன். எனக்கே கஷ்டம். படித்தவர்கள் இதே நாலையும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வக்கீல் மூலம் சொல்வார்கள்.

சட்டம் இந்த நாலுக்கும் பதில் வைத்திருக்கிறது. அம்மாவின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அது அப்பாவின் கடமையை அழிக்காது. குழந்தையைப் பார்க்கும் உரிமை தனி வழக்கு. காட்டவில்லை என்பதற்காகப் பட்டினி போட முடியாது. துணியும் பொம்மையும் அன்பளிப்பு, பராமரிப்பு அல்ல. கஷ்டம் என்றால் எவ்வளவு கஷ்டம் என்று எழுதிக் கொடுத்தால் அதற்கேற்பத் தொகை குறையும். இவ்வளவுதான். புரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். ஒப்புக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆகின்றன.

ஐந்தாவதாக ஒரு காரணத்தோடு வந்தவர் ஒரே ஒருவர். வெள்ளையன் என்று பெயர், மலைமேல் ஊர். மனைவி குழந்தையோடு கலசப்பாக்கம் பக்கம் வந்துவிட்டாள். மாதாமாதம் கோர்ட்டில் தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவு. முதல் வாய்தாவுக்கு ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு சாமை மூட்டையோடு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இன்னாய்யா இது?"

"புள்ளைக்குங்க."

"கோர்ட்ல பணந்தான் கட்டணும். பழம் கட்ட முடியாது."

"பணம் காய்க்கிற மரம் எங்கூர்ல இல்லீங்களே. இதுதான் காய்ச்சுது."

பழத்தைச் சான்றுப்பொருளாகக் குறியிடலாமா என்று ஒரு வக்கீல் கேட்டார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லித் திருப்பி எடுத்துப்போகச் சொன்னேன். அவர் வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மனைவியின் எதிரில் வைத்தார். அந்தக் குழந்தை தின்றது. நான் பதிவேட்டில் 'தொகை செலுத்தவில்லை' என்று எழுதினேன். மூன்று வாய்தா இப்படி. நாலாவது வாய்தாவில் வாரண்ட் பிறப்பிக்கப்பட்டு ஒரு மாதம் உள்ளே போனார். அந்த ஒரு மாதம்தான் குழந்தைக்கு எதுவும் வரவில்லை.

நான் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. விதிமுறைப்படி இன்றைக்கும் அதையேதான் செய்ய வேண்டும்.

5

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தொட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் இறங்கி, கையில் கனமான உறையோடு வந்தார். அந்தோணியின் முழுப் பெயரைச் சிரமப்பட்டுப் படித்தார். கோர்ட் அமீனா என்று நடையிலேயே தெரிந்தது. உலகம் முழுக்க அமீனாக்கள் ஒரே மாதிரிதான் நடக்கிறார்கள்: வந்த வேலை யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தவர்களின் நடை.

அந்தோணி ஆபீசில். அதற்கும் விதி உண்டு. உரியவர் அகப்படாவிட்டால் அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று அந்த விதிக்கு ஒரு விளக்கமும் உண்டு. கையில் நீலத் தொட்டியோடு நின்ற நான் எந்த வகை என்று எனக்கே ஒரு கணம் குழப்பமாக இருந்தது. இந்த ஊரிலும் ஏறக்குறைய அதே விதிதான் போலிருக்கிறது. நான் அவன் அப்பா, இங்கேதான் இருக்கிறேன் என்றதும் அந்த அம்மா உறையை நீட்டினார்.

வாங்கினேன். என் மனு. நான் எழுதிய ஐந்து பக்கம், மொழிபெயர்ப்போடு சேர்த்துப் பதினாறு பக்கம். எங்கெங்கோ அமைச்சகங்களின் முத்திரைகள். மேலே நோட்டீஸ். கண் தானாகவே தேதிக்குப் போயிற்று. ஆஜராக வேண்டிய நாள் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அப்போது நடந்ததை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது ஜெனியின் காகிதம் என்பது எனக்குத் தெரியும். அதை உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்திருந்தால் அன்று சாயங்காலம் அந்தோணி பார்த்திருப்பான், எப்படியோ ஒன்று ஆரம்பித்திருக்கும். ஆனால் தேதி கடந்த நோட்டீசை என் கை வாங்கி வைத்துக்கொள்ளாது. முப்பத்து நாலு வருஷம் அது வைத்துக்கொண்டதில்லை.

இது செல்லாது, தேதி முடிந்துவிட்டது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். எழுதிக் கொடுங்கள், அனுப்பியவர்களுக்கே திருப்பிவிடுகிறேன் என்றார். நான் உள்ளே போய்ச் சிவப்புப் பேனா எடுத்துவந்து, நோட்டீசின் பின்பக்கம் எழுதினேன்: வாய்தா தேதி கடந்துவிட்டபடியால் புதிய தேதி குறிப்பிட்டு மீள அனுப்புக. கீழே கையெழுத்து. பழக்கத்தில் கையெழுத்துக்கு அடியில் சிரஸ்தார் என்றும் எழுதிவிட்டேன்.

கார் போன பிறகும் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. ஒரு பெரிய குறையை ஆரம்பத்திலேயே தடுத்துவிட்ட திருப்தி. டீ போட்டுக் குடித்தேன்.

6

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது வழக்கமில்லை.

"மாமா, கோர்ட்ல இன்னா எழுதியிருக்காங்கன்னு தெரியுமா? எதிர்மனுதாரரின் தகப்பனார் நோட்டீசைப் பெற மறுத்துத் திருப்பினார்னு எழுதியிருக்காங்க."

"மறுக்கலம்மா. தேதி தாண்டிப் போச்சு. அதைக் குறிப்பிட்டு…"

"வாங்கி வச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"அது முறையான சார்பு ஆவாதும்மா. நாளைக்கு அவன் வக்கீல் அதையே புடிச்சிக்குவான்."

"அவருக்கு ஏது மாமா வக்கீலு? அவருக்கு நீங்கதான் வக்கீலுன்னு இங்க பேசிக்கிறாங்க." அவள் குரல் உயரவில்லை. நர்ஸ்கள் கெட்ட செய்தி சொல்லும் குரல் அது. "எங்கம்மா அப்பவே சொன்னாங்க. மாமனாரு எழுதிக் குடுக்கறாருன்னா அதுல எங்கியோ ஒரு ஓட்டை வச்சிருப்பாருடீன்னு. நான்தான் நம்பல."

நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க எனக்கே அது அந்தோணிக்காக நான் செய்த வேலை போலத்தான் கேட்டது.

"ஏப்ரல் கடைசியில வாய்தா போட்டுக்கீறாங்க. மறுபடியும் டெல்லிக்குப் போயி, அங்கேர்ந்து உங்க ஊருக்கு வரணுமாம். ஜூன்ல ஸ்கூலு. வுட்ருங்க மாமா. அவ இங்கியே படிக்கட்டும். மலையில இருக்கற புள்ளைங்க எல்லாம் படிக்கலியா."

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். கோபுரத்தின்மேல் பழிபோடக்கூட முடியவில்லை. மணி ஒழுங்காக அடித்தது.

வழி ஒன்று பாக்கி இருந்தது. நோட்டீஸ் வராமலே எதிர்மனுதாரர் தானாக முன்வந்து பதில் போடலாம், யாரும் தடுப்பதில்லை. வருமானமும் செலவும் எழுதிய ஒரு பிரமாணப் பத்திரமும், வக்கீலை நியமிக்கும் ஒரு வக்காலத்தும் போதும். முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி முன்வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

7

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. வீட்டு வாசலில் நடைபாதையைச் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சி அபராதம் போடும். அந்தோணி மண்வாரி போன்ற ஒன்றால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பின்னால் உப்பு தூவிக்கொண்டு வந்தேன்.

"அந்தோணி, உன்மேல ஒரு கேஸ் இருக்குது. ஊர்ல. ஜெனிக்கு மெயிண்டனன்ஸ்."

"யாரு சொன்னா?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அவன் நின்றான். "என் வூட்ல உக்காந்துகினு என்மேலயே கேஸ் எழுதினியா நைனா? என் ப்ரிண்டர்லயா?"

"ப்ரிண்டர்ல இல்ல. லைப்ரரிக்குப் போயி எடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்து சென்ட்."

"ரொம்ப நேர்மை."

அவன் மறுபடியும் பனியைத் தள்ளினான். இரண்டு தள்ளு தள்ளிவிட்டுத் திரும்பினான்.

"அவ சம்பாதிக்கிறா. கவர்மெண்ட் உத்தியோகம். புள்ளையப் பாக்கலாம்னு கூப்ட்டா எடுக்க மாட்டா. வருஷா வருஷம் பொம்மை அனுப்பிக்கினுதான் இருக்கேன். நான் எதுக்கு நைனா குடுக்கணும்?"

"நாலுல மூணு சொல்லிட்ட. எனக்கே கஷ்டம்னு ஒண்ணு பாக்கி இருக்குது, அதையும் சொல்லிடு."

"சட்டம் பேசாத."

"சரி, பேசல. எனக்காக இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டியே. நான் உன்னத் திட்டினாலும், உங்கிட்டப் பேசாம இருந்தாலும் அது ரத்தாவாது. அப்போ மட்டும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அது ஃபாரத்துல இருந்திச்சி. போட்டேன்."

"அவளுக்கும் ஃபாரம் இருக்குது."

எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார். இரண்டு பேரும் கையசைத்துச் சிரித்தோம். இந்த நாட்டில் எந்தச் சண்டையையும் நடுவில் நிறுத்திக் கையசைக்க வேண்டியிருக்கிறது.

"எனக்கு நோட்டீசே வரலியே," என்றான்.

"அக்டோபர்லயே வந்துது. தேதி தாண்டியிருந்துது. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"திருப்பி அனுப்பிட்டியா?"

"சிவப்பு மையில எழுதி."

அவன் என் முகத்தைப் பார்த்தான். மண்வாரியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "நீயே எழுதி… நீயே குறை கண்டுபுடிச்சி…" மேலே பேச முடியவில்லை. மூக்கிலிருந்து புகை புகையாக வந்தது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செல்வி இப்ப போன் எடுக்கறதில்ல," என்றேன். "உனக்காகப் பண்ணேன்னு நெனைக்கிறா. ஜூன்ல புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும். உன் பதில் வந்தாத்தான் உண்டு."

சிரிப்பு நின்றது. "அந்த மனுவ எடுத்தா பாக்கலாம்."

சமையலறையில் ஈரக் காலுறையோடு நின்றுகொண்டே ஐந்து பக்கத்தையும் படித்தான். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டான். போதிய வசதி இருந்தும், எதிர்மனுதாரர் மைனர் மனுதாரரைப் பராமரிக்காமல் புறக்கணித்து வருகிறார் என்று இருக்கும் இடம்.

"புறக்கணித்துன்னு எழுதியிருக்கியே."

"அது சட்டத்துல இருக்கற வார்த்தை. எல்லா மனுவிலயும் வரும்."

"பழக்கத்துல எழுதினியா, இல்ல நம்பி எழுதினியா?"

முப்பத்து நாலு வருஷத்தில் எந்த நீதிபதியும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பழக்கத்துலதான் எழுதினேன்," என்றேன். "அப்புறம் படிச்சுப் பாத்தேன். எடுக்கல."

அவன் காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

8

ஒன்பது நாள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு நடந்தது. குப்பை நடந்தது. அவன் கதவின் முன்னால் ஒரு நினைவூட்டல் கடிதம் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது என்று தெரியாததால் வைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, சாப்பாட்டு மேஜையில் அச்சடித்த காகிதங்கள் கிடந்தன. பிரமாணப் பத்திரத்தின் படிவம். எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறான். சம்பளம், வீட்டுக் கடன், வாகனம் எல்லாம் அவன் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. வருமானத்தைக் குறைத்துப் போட்டிருப்பான் என்று முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். குறைக்கவில்லை. நான் அப்படிப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

குழந்தையின் மாதாந்திரச் செலவு விவரம் என்ற இடம் காலியாக இருந்தது. ஏழெட்டு வரி.

"இங்க இன்னா எழுதறது?" என்றான்.

"மனுவில உத்தேசமா ஒரு தொகை போட்டிருக்கேன். அதையே…"

"உத்தேசம் வேணாம். அவளுக்கு இன்னா இன்னா ஆவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷப் பேச்சில் அதை நான் கேட்டதே இல்லை.

அவன் போனை எடுத்து செல்விக்கு ஒரு செய்தி தட்டி என்னிடம் காட்டினான். 'கோர்ட்ல நானே பதில் போடறேன். பாப்பாவுக்கு மாசம் என்னென்ன ஆவுதுன்னு எழுதி அனுப்பு. அப்பா திருப்பி அனுப்பினது எனக்குத் தெரியாது, நான் சொல்லியும் செய்யல.' நாலு வருஷத்தில் முதல் செய்தி. வாக்கியத்தில் இரண்டு பிழை இருந்தது. சொல்லவில்லை. அனுப்பினான்.

படித்ததற்கான நீலக் குறி அன்றே விழுந்தது. பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. வக்காலத்தில் தூதரக அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்; அதற்கு நாள் வாங்கி வைத்திருந்தான். குழந்தையின் செலவு விவரத்தைக் காலியாகவே விட்டு அனுப்பலாம், சட்டப்படி தப்பில்லை என்று நான் சொன்னேன். காலியாக விட மாட்டேன் என்றான். இன்னொரு வாரமும் போயிற்று. காலையில் எழுந்ததும் அவன் முதலில் போனைப் பார்ப்பதும், நான் அவன் முகத்தைப் பார்ப்பதும், அடுப்பில் டீ பொங்குவதும் வழக்கமாகிவிட்டன.

பிறகு ஒருநாள் காலை, அவன் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. செல்வி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒரு படம் மட்டும். கோடு போட்ட நோட்டுத் தாள், பென்சில் எழுத்து. அவன் மேஜையில் போனை வைத்தான். இரண்டு பேரும் குனிந்து படித்தோம்.

அனுப்புநர்: அ. ஜெனிபர், ஐந்தாம் வகுப்பு. பெறுநர்: அப்பா, கனடா. பொருள்: மாதச் செலவு அனுப்புதல் சார்பாக. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எனக்கு ஆகும் செலவுகள் பின்வருமாறு. ஒன்று, செருப்பு. பள்ளிக்கு நடந்து போவதால் சீக்கிரம் தேய்கிறது. இரண்டு, நோட்டு ஆறு. மூன்று, கண்ணாடி. கண்ணாடி போட்டால்தான் போர்டு தெரியும் என்று டீச்சர் சொன்னார்கள். நான்கு, குடை. போன வருஷத்துக் குடையை ரம்யா வாங்கிக்கொண்டு போனாள், தரவில்லை. ஐந்து, ஞாயிற்றுக்கிழமை கறி. ஆறு, ஹாஸ்டலுக்கு இரும்புப் பெட்டி, பூட்டு, பக்கெட். விலை எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் எழுதினது போதும் என்கிறார்கள். எனவே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

"ஐயாவாம் நைனா," என்றான் அந்தோணி.

"ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கற லெட்டர் அது. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க."

"தெரியும். நானும் அப்படித்தான் படிச்சேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படிவத்தை எடுத்து, செருப்பு என்று முதல் வரியில் எழுதினான். நோட்டு. கண்ணாடி. ஒவ்வொன்றையும் அவள் எழுதிய வரிசையிலேயே எழுதினான். குடைக்கு எதிரில் பேனா நின்றது.

"ஊர்ல ஒரு குடை இன்னா வெலை இருக்கும்?"

நானும் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊரை விட்டு வந்தவன். அங்கே இப்போது எது என்ன விலை என்று எனக்கு எப்படித் தெரியும்?

"செல்விக்குத்தான் தெரியும்," என்றேன்.

ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் கூப்பிட்டான். மணி அடித்தது, நின்றது. மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை எடுத்தாள். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கத் தெரியாமல், எடுத்த எடுப்பில் குடை இன்னா வெலை என்றுதான் ஆரம்பித்தான். செல்வி விலை சொல்ல, அவன் எழுதிக்கொண்டான். அடுத்து கண்ணாடிக்குப் போனார்கள்.

நான் அந்தப் படத்தையே இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். கண் பழையபடி தேதிக்குப் போயிற்று. தாளின் அடியில் இடதுபக்கம் இடமும் நாளும் எழுதியிருந்தாள். அவளுக்கு அங்கே சாயங்காலம், எங்களுக்கு இங்கே காலை. அதனால் அவள் எழுதிய நாளும் எங்களுக்கு வந்து சேர்ந்த நாளும் ஒன்றேதான். இடம், ஜமுனாமரத்தூர். நாள், மார்ச் மாதம் பதினேழு.